படுத்துப் பாருங்கள்

வீட்டைக் கட்டிப் பார்,
கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றவர்களுக்கு
முதுகு வலித்திருக்காது.
மெத்தையை வாங்கிப் பார் என்று
ஒருவரும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஜெலுத்தோங் சாலையில்
டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
ஞாயிறு மதியம், பதினேழு மெத்தைகள்.
செருப்பைக் கழற்ற வேண்டாம் என்கிறார் ஊய்.
கால்மாட்டில் பிளாஸ்டிக் விரித்திருக்கிறது.
மலாயில் அவர் சொன்னது
'படுக்க முயன்றுபார்' போல ஏதோ ஒன்று.
என் காதில் விழும்போது
படுத்துப் பாருங்கள் என்று ஆகிவிடுகிறது.
எதைப் பார்க்க?
கூரையில் ஒரு பல்லி.
'இன்று மட்டும்' என்று
போன தீபாவளிக்கும் தொங்கிய சிவப்பு அட்டை.

இருபத்திரண்டு வருடம்
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
நுண்ணோக்கிக்குக் குனிந்திருந்தேன்.
எறும்புக் கண்ணளவு சில்லில்
மயிரிழைக் கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவேன்.
என் நாலாம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே
வட்டு பிதுங்கியதைப் பிடித்தது
பெரிய ஆஸ்பத்திரி எந்திரம்.

தரையில் படு என்றாள் நாத்தனார்.
பலகை போடு என்றார் பஸ் டிரைவர்.
கல் மாதிரி இருக்கக் கூடாது, களி மாதிரியும் கூடாது என்றது
பயிற்சி சொல்லித்தரும் சின்னப் பெண்;
அதற்கு முதுகே இல்லாததுபோல்
அப்படியொரு நிமிர்வு.

முதல் மெத்தை என்னை விழுங்கியது.
எழ முடியாமல் ஆமைபோல் கிடந்தேன்.
மூன்றாவது, பாட்டர்வொர்த் படகுத்துறை பெஞ்சு.
ஆறாவதில் இடுப்புக்குக் கீழே
யாரோ கை கொடுத்ததுபோல் இருந்தது.
விலையைப் பார்த்தேன்.
கையை எடுத்துவிட்டார்கள்.

கலியமூர்த்தி படுக்கவில்லை.
பப்பாளி வாங்குகிறவர்போல்
கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்திக்கொண்டே வந்தார்.
உரமூட்டை மேலும் உறங்குகிற மனிதர்.
"ரெண்டு பேரும் சேர்ந்து படுங்க" என்றார் ஊய்.
மூன்று பெற்றவளுக்கு
ட்யூப் லைட் வெளிச்சத்தில் வெட்கம் வந்தது.
பக்கத்தில் வந்து நீட்டிக்கொண்டார்,
நெஞ்சின் மேல் கைகோத்து,
எண் கூப்பிடக் காத்திருப்பவர்போல்.

நாலு வருடமாக அவர் வரவேற்பறையில்.
அவர் புரண்டால் என் முதுகில் ஆணி இறங்கும்.
ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு போனார்.
கோபமில்லை, பேச்சுமில்லை.
விசிறி அங்கே நன்றாகச் சுற்றுகிறது என்று மட்டும்
பசியாறும்போது சொன்னார்.

ஊய் உத்தரவாதத்தை ஒப்பித்தார்:
பத்து வருடம், தனித்தனி ஸ்பிரிங்,
பன்னிரண்டு மாதத் தவணை.
இவர் குரலைத் தாழ்த்தி
ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
"நான் திரும்பினா அவளுக்குத் தெரியுமா?"

ஊய் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து
என் பக்கம் வைத்தார்.
இவர் புரண்டார்.
மூன்று பேரும் தண்ணீரையே பார்த்தோம்.

இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
பழைய மெத்தையைக் குப்பை வீட்டுச் சுவரில் சாய்த்திருக்கிறோம்.
நடுவில் என் வடிவத்தில் பள்ளம்.
அதை மழை நிரப்பிக்கொண்டிருந்தது.

புதன் இரவு, மணி நாலு.
வலி வழி மறக்காமல் வந்து சேர்ந்தது,
கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.
அவர் திரும்பினார்.
தெரிந்தது.

காலையில் கேட்டார்,
தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல்.

தெரியவேயில்லை என்றேன்.