கேட் கீல்

உடைந்ததைக் கைக்குட்டையில் முடிந்து
முனிச்சாலை லேத்துக்குக் கொண்டுபோனேன்.
உள்ளங்கை அளவுகூட இல்லை.
பாய்மரத்தோடு குறுக்குத்தடியைக்
கோத்து வைக்கும் துண்டு எவர்சில்வர்,
நடுவில் முறிந்திருந்தது
கடித்த முறுக்கு மாதிரி.

ரெங்காராம் அதை வாசல் வெளிச்சத்தில் திருப்பினார்.
"எதோடது இது?"
பதினோரு அடிப் படகு என்று
நாக்கு நுனி வரை வந்தது.
போன மாதம் ஒரு ஆட்டோக்காரர்
படகு என்றதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்:
"எங்க சார், வைகையிலயா?"
அலுவலகத்தில் என் மேசைக்கே
துறைமுகம் என்று பெயர்.
"கேட் கீல்" என்றேன்.

"இத்தனூண்டு கீலுக்கு எந்த கேட்டு?"
"உள் கேட்டு."
பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்தது.

கேட்டுக்கு எப்படி வேண்டுமோ அப்படிச் செய்தார்.
தொங்காது, தளராது,
பூனை ஏறிக் குதித்தாலும் கிறீச்சிடாது.
இடம் வலம் மட்டும் போய்வரும்.
நூற்றெண்பது ரூபாய்.
சீட்டில் பென்சிலால் எழுதினார்:
கேட் கீல் ஒன்று.

மாடக்குளம் கண்மாய்
மூன்று வருடம் கழித்து மறுகால் போயிருந்தது.
சீமைக்கருவேலங்கள் இடுப்பளவு தண்ணீரில்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன.
நானும் மச்சினன் செங்கோலும் பாயை ஏற்றினோம்.
பைபாஸ் ரோட்டுப் பக்கமிருந்து வாடை வந்தது,
கொஞ்சம் டீசல், நிறைய ஈரம்.
பாய் வயிறு உப்பியது.
தடி இடம் போனது, வலம் வந்தது.
நல்ல கேட்.
பிறகு காற்று அதைத் தூக்கப் பார்த்தது.
தூக்க விடவில்லை ரெங்காராமின் கைவேலை.
மரம் முனகியது.
டிக்.
ஒரு ரிவெட் தண்ணீருக்குள் போனது.
கரைக்கு வரும்வரை செங்கோல் பேசவில்லை,
துடுப்பு மட்டும் பேசியது.

திங்கட்கிழமை உண்மையைச் சொன்னேன்.
அவர் லேத்தை அணைத்தார்.
பெல்ட் ஓய்ந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது,
அதுவரை என்னைப் பார்க்கவில்லை.
படகுக்கு அவர் சிரிக்கவில்லை.
"கேட்டுக்கு ஒரு ஆட்டம்.
இதுக்கு ரெண்டு ஆட்டம்ல வேணும்!
சொல்லியிருந்தா விட்டுச் செஞ்சிருப்பேன்ல.
எம் பேரத் தண்ணிக்குள்ள போய்க் கெடுத்துட்டு வந்துருக்கீங்க."

குறுக்காக இன்னொரு துளை,
இன்னொரு முளை.
அரத்தால் நாலு இழுப்பு,
ஊதி, பார்த்து, இன்னும் ஒன்று.
பழைய சைக்கிள் டியூபில் வட்டம் வெட்டினார்.
"மரம் அலுமினியம், இது எவர்சில்வர்.
ஒட்டி உக்காந்தா ஒண்ண ஒண்ணு தின்னும்.
சம்பந்தி வீடு மாதிரி,
நடுவுல ஒரு தெரு விடணும்."
டியூபுக்கு மட்டும் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.
பிறகு, வேறு யாரிடமோ கேட்பதுபோல்,
"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?"

டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தார்,
மனைவி வேண்டாமென்ற சட்டை போட்டு,
மடியில் சாமான் பை.
ஏறச் சொன்னோம்.
"நீச்சல் தெரியாது, நீங்க போங்க."
மடைச் சுவர்மேல் நின்றுகொண்டார்.

தடி எழுந்தது, இறங்கியது,
இடம் போய், கொஞ்சம் நிமிர்ந்து, வலம் வந்தது,
தூக்கத்தில் புரளும் கை மாதிரி சத்தமில்லாமல்.
படகுக்கு அடியில் தண்ணீர்
சுண்டல் வாளி அசைவதுபோல் பேசியது.
நீர்க்காகம் ஒன்று எங்களுக்காக விலகவில்லை.
செங்கோல் வாயைத் திறந்து பாடத் தொடங்கினான்,
நான் தடுக்கவில்லை.

கரையிலிருந்து அவர் கையாட்டினார்.
நாங்களும் ஆட்டினோம்.
அவர் இன்னும் வேகமாக ஆட்டினார்.
சந்தோஷம் என்று நினைத்துக் கிட்டே திருப்பினோம்.

"மேல! மேலருந்து ரெண்டாவது ஆணி!
தல சாஞ்சு நிக்கிது, கண்ணு தெரியல?
அடுத்து அதுதான் போகும்!"

பாயை இறக்குவதற்குள்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்,
பல்லிடுக்கில் ஸ்க்ரூடிரைவர்.