ஏழாம் கேள்வி

ஒட்டுசுட்டான் கமநல நிலையத்தில்
துவக்குப் படிவம் நிரப்புகிறாள் யோகமலர்.
பன்றி கச்சானைக் கிளறிய திகதி?
எல்லா இரவும் என்றெழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

பன்றியைச் சுடலாமாம்,
இறைச்சி றோட்டுக்கு வந்தால் வழக்காம்.
மரை, மயில் தொடவே கூடாது.
யானைக்கு வெடி தருவார்கள்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலே நாலு.
போன வருச வர்த்தமானியில்
அவளுடைய கிணறு காட்டுக்குள் போய்விட்டது,
பம்பு மட்டும் வெளியே நிற்கிறது.

ஏழாம் கேள்வி:
முன்னர் ஆயுதப் பயிற்சி பெற்றவரா?

பேனை நின்றது.
வலது தோள் கொஞ்சம் பின்னுக்குப் போனது,
உதைப்புக்கு இடம் விடுவதுபோல.
உத்தியோகத்தர் மின்விசிறியைப் பார்த்தார்.
"சும்மா ஒரு கோடு இழுத்துவிடுங்கோ அக்கா,
நான் பாக்கேல்லை."

புனர்வாழ்வுச் சான்றிதழின் பிரதி
பையில்தான் இருந்தது.
ஆம் என்று எழுதினாள்,
அழுத்தி.

மார்கழியும் போயிற்று, பதில் இல்லை.
பரணில் தகரத்தோடு குந்தியிருக்கிறாள்.
எழுபது மீற்றர். காற்று வடக்காலே.
முன்னால் தாய், பின்னால் ஐந்து குட்டி.
மூச்சைப் பாதியில் நிறுத்துகிறாள்,
பழக்கம்.
பிறகு
தகரத்தில் அடிக்கிறாள்.