தெரியாது / சொல்ல விரும்பவில்லை

ஒரு படிவத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
திரிலோக்புரியில் என் பங்குக்கு அறுபது வீடு.
டேப்லெட் கண்ணாடியில் ஒரு விரிசல்,
அது எப்போதும் ஏழாம் கேள்வியின் மேலேயே விழுகிறது:

மாநகராட்சி ஊழியருக்கு மூன்று மாதமாய்ச் சம்பளம் வராததற்கு
யார் காரணம் என்று நினைக்கிறீர்கள்?
ஒன்று, மாநில அரசு.
இரண்டு, மாநகராட்சி.
மூன்று, இருவரும்.
தொண்ணூற்றெட்டு, தெரியாது சாய்கோடு சொல்ல விரும்பவில்லை.

நான்கிலிருந்து தொண்ணூற்றேழு வரை
என்ன இருக்கிறதென்று பயிற்சி நாளில் கேட்டேன்.
சூப்பர்வைசர் சிரித்தார்.

குப்பை தெருமுனையைத் தாண்டி
பால் பூத்தின் இரண்டாம் படிக்கு ஏறிவிட்டது.
பட்ஜெட் கூட்டம் நாலாவது முறையாக ஒத்திவைப்பு.
நேற்று அவையில் யாரோ மைக்கைப் பிடுங்கி எறிந்ததை
டீக்கடை டிவி
மெதுவாக, இன்னும் மெதுவாக, பக்கவாட்டிலிருந்து
ரன் அவுட் போலக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பிர்மோ தேவி, துப்புரவுப் பணியாளர், வேலைநிறுத்தத்தில் இருப்பவர்,
தன் வாசலை மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தார்.
"கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.
கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு
துடைப்பத்தைத் தலைகீழாகத் தட்டி ஈர்க்கைச் சமன் செய்தார்.
"இதுவும் என் காசு. எழுதிக்கோ."
அதற்குக் கட்டமில்லை.

குர்தாவில் சின்னம் குத்திய பெரியவர்
"ரெண்டு. ரெண்டு தடவை அழுத்து" என்றார்.

ரகுவன்ஷ் சா, பேட்டரி ரிக்‌ஷாவுக்கு சார்ஜ் போட்டபடி
நான் முடிக்கும் முன்பே "மூணு" என்றார்.
பிறகு என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.
"அங்கே அவங்களுக்குப் போட்டேன், இங்கே இவங்களுக்குப் போட்டேன்.
ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பறை, இதே விரல்.
மூணாம் நம்பர்ல என்னையும் சேர்த்துக்கலாமா பாரு."

பிரசவ விடுதி நர்ஸ் லிசம்மா
நின்றுகொண்டே பதில் சொன்னார்:
"கிளவுஸ் தீர்ந்து எட்டு நாள்.
மெடிக்கல் ஷாப்புக்குப் போன ஆள் திரும்பும் வரைக்கும்
முக்காதேன்னு சொன்னேன் ஒரு பொண்ணுகிட்ட.
முக்காதேன்னு.
இதுக்கு எந்த நம்பர்?"

நாற்பத்தோராவது வீடு.
இந்தியில் தொடங்கினேன். "தமிழ்தானே, மூஞ்சியிலேயே தெரியுது" என்றாள்
உளுந்தூர்பேட்டைப் பொற்கொடி.
புருஷன் கூலரில் கொசுப்புழு தேடும் வேலை, ஒப்பந்தம்.
சம்பளமில்லாமலும் போகிறார்.
நிறுத்தினால் பெயரை எடுத்துவிடுவார்களாம்.

"கைமாத்துக் கேட்டு நாலு வீடு ஏறினேன்.
யாரால இப்படி ஆச்சுன்னு நாலு வீட்லயும்
நல்லா விளக்கமாச் சொன்னாங்க."

சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க, யார் காரணம்?

பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த விரல் நின்றது.
"தெரியும்.
உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அதுவரை
அந்தச் சாய்கோட்டை நான் கவனித்ததில்லை.
அதன் இந்தப் பக்கம் தெரியாதவர்கள்,
அந்தப் பக்கம் இவள்,
மடியில் முறத்தோடு.
இரவு ஒன்பது மணிச் செய்தியில்
இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறத் துண்டாகி,
பேர் எழுதக்கூட இடமில்லாத அளவில்,
வட்டத்தின் ஓரத்தில் வரும்.

விரலைக் கொஞ்சம் அழுத்தி வைத்தேன், அவ்வளவுதான்.
மென்பொருளுக்கு அது புரியாது.

மீதி வீடுகளை நாளைக்கு வைத்துக்கொண்டு
பேருந்து ஏறினேன். பெண்களுக்கான இலவச டிக்கெட்.
இதற்கும் ஒருநாள் அவையில் மைக் பறந்ததுண்டு.
கண்டக்டர் டேப்லெட்டைப் பார்த்தார்.
"சர்வேயா? யார் ஜெயிக்கிறாங்க?"
"இது ஜெயிக்கிற சர்வே இல்லை."
"பின்னே எதுக்கு?"

ஜன்னலுக்கு வெளியே காஜிப்பூர் குப்பைமலை.
லாரிகள் ஓடவில்லை.
பதினோரு நாளாக அது
ஓர் அங்குலமும் வளரவில்லை.
ஊரிலேயே அதற்கு மட்டும் ஓய்வு.
பருந்துகள் உச்சிக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
ஒவ்வொன்றாக எங்கள் தெருக்களின் பக்கம்
திரும்பிக்கொண்டிருந்தன.