லூ வருவதற்குள்

பிப்ரவரி பதினொன்று. ஆர்.கே. புரம், நான்காம் செக்டார்.
ஒன்பது மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை.
விதைப் பாக்கெட் சொல்கிறது: ஐம்பத்தைந்து நாளில் காய்.
எந்த ஊர் நாள் என்று சொல்லவில்லை.

இங்கே குளிர் எழுந்து போவதற்கும்
லூ வந்து உட்காருவதற்கும் நடுவில்
நாற்காலி காலியாக இருப்பது
எழுபது நாள், மிஞ்சினால் எண்பது.

பன்னிரண்டு விதைகளை ஈரத்துணியில் சுற்றி
செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தேன்.
வீட்டிலேயே சூடான இடம் அதுதான்.
மூன்றாம் நாள் ராத்திரி
ஸ்கோர் என்ன என்று கேட்டேன்.
"ஒன்பது" என்றார் கணவர்.
அவர் துணியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது
அப்புறம்தான் தெரிந்தது.

காகிதக் கோப்பைகளில் மூன்று வாரம், ஜன்னலோரம்.
வெள்ளரி வேர் மாற்றல் உத்தரவு வந்த குமாஸ்தா மாதிரி,
அசைத்தால் ஒரு மாதம் முகம் கொடுக்காது.
கோப்பையின் அடியைக் கிழித்து
அப்படியே மண்ணில் இறக்கினேன்.
ஹோலியன்று மேலிருந்து விழுந்த நீல பலூன்
ஒரு நாற்றின் தலையில் வெடித்தது.
எட்டு.

பந்தலுக்கு, துருப்பிடித்த பழைய கூலரின் சட்டம்.
அது அங்கே நிற்க,
பற்றுச்சுருள் காற்றில் துழாவித் துழாவி
காயப்போட்ட என் துப்பட்டாவைப் பிடித்தது.
ஒரே இரவில் மூன்று சுற்று.
காலையில் கத்தரியோடு போனேன்.
வெட்டியது துப்பட்டாவைத்தான்.

பத்து நாள் வெறும் ஆண்பூக்கள், மஞ்சள் ஆரவாரம்.
பிறகு ஒரு பூவின் கழுத்தடியில்
முள்முள்ளாய், விரல்நுனியளவு பிஞ்சு.
தேனீ ஒன்றுகூட வரவில்லை.
மாடிவீட்டு குசும் ராவத்திடம் கண்மை தீட்டும் தூரிகை கேட்டேன்.
எதற்கென்று தெரிந்ததும் அவளே இறங்கி வந்தாள்,
நைட்டியும் ஹவாய்ச் செருப்புமாக,
"இதெல்லாம் உனக்கு வராது, தள்ளு."
ஏழரை மணி வெயிலில்
அந்தப் பூவிலிருந்து இந்தப் பூவுக்கு மகரந்தம் தொட்டு வைத்து
கல்யாணம் முடிந்தது என்றாள்.
பந்தல் ஏற்கெனவே போட்டாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஹிந்தியில் அந்த வேடிக்கை வரவில்லை.

ஏப்ரல் ஏழு, முதல் காய். ஒரு சாண்.
அப்புறம் நிற்கவில்லை.
காலையில் மூன்று, சாயங்காலம் பார்த்தால் இன்னும் ஒன்று.
டப்பாவில் வட்டம் வட்டமாய் ஆபீஸ் போயிற்று.
தணிக்கைப் பிரிவு முழுக்க உப்பும் மிளகாய்ப்பொடியும்.
ஒரு ஃபைலில் ஈர வட்டம் பதிந்து
அதற்கும் குறிப்பு எழுதினார்கள்.

லக்னோவில் எட்டு நாள் டூர்.
திரும்பி வந்தால் பூ இல்லை, பிஞ்சு இல்லை.
இலையில் ஒரு புள்ளி இல்லை, பூச்சி இல்லை.
கொடி நலம்.
விலக்கி விலக்கிப் பார்த்ததில்
சட்டத்தின் பின்னால் ஒருத்தி,
முழங்கை நீளம், வயிறு தள்ளி, மஞ்சள் பாய்ந்து.

ஒன்று முற்றினால் போதும்,
கொடி கடையைச் சாத்திவிடும்.
விதையாயிற்று, வந்த வேலை முடிந்தது.
என் டப்பாவைப் பற்றி அதற்கென்ன?
நான் அறுவடை என்று எழுதிவந்த நோட்டில்
அதன் பக்கத்துக் கணக்கு வேறு:
முப்பது நாள், தினமும் திருட்டு,
தினமும் மறுபடி முதலிலிருந்து.

இரண்டு கையாலும் தாங்கிப் பறித்தேன்.
ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், வேறெங்கே வைப்பதென்று தெரியாமல்.

ஒன்பதாம் நாள் மூன்று பூ.
நாற்பத்திரண்டு டிகிரி.
மே பதினேழு மத்தியானம் லூ வந்தது,
கதவைத் தட்டவில்லை.
இலைகள் முதலில் ஈரக் காகிதம், பிறகு காகிதம்.

கடைசி இரண்டும் கசப்பு.
காம்பு நுனியை வெட்டித் தேய்த்தால் நுரை வந்தது,
கசப்பு போகவில்லை.
குசும் கறுப்பு உப்பு தூவி ஒரு துண்டு மென்றாள்.
"கசக்கிறது" என்றாள்,
அடுத்த துண்டை எடுத்தபடியே.

நோட்டைக் கூட்டிப் பார்த்து
"அறுபத்தொன்று" என்றேன்.
"எட்டு விக்கெட்டுக்கு" என்றார், டிவியிலிருந்து திரும்பாமல்.

மஞ்சள்காரியை நோட்டில் சேர்க்கவில்லை.
இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறாள்.
கதவைத் திறக்கும்போதெல்லாம்
லேசாக உருண்டு
நின்றுகொள்கிறாள்.