பத்தடி

பதினொரு பட்டா வழியாக இறங்குகிறது ஓடை.
பன்னிரண்டாவது பட்டா மேலே, ஊற்றுக்குப் பக்கத்தில்.
சொந்தக்காரர் கோயம்புத்தூரில்.
போனை எடுப்பதில்லை.

பாலாடாவில் காரட் கழுவும் மெஷின்
விடியற்காலை நாலு மணிக்கு உருளத் தொடங்கும்.
ஆறு மணிக்கு ஓடை முழுக்க டீ,
குடிக்கத்தான் முடியாது.

பாட்டில், வெள்ளைப் பீங்கான் தட்டு, ஒரு நோட்டு.
இவற்றோடு கரையில் நடப்பது என் வேலை.
போகிற வீட்டிலெல்லாம் கேட்பது ஒன்றுதான்:
தண்ணீரிலிருந்து பத்தடி விடுங்கள்.
கொத்தாமல், உரம் போடாமல், மருந்தடிக்காமல்
பத்தடி.

"யார் அடி?" என்றார் போஜராஜ்.
"உன் அடியா, என் அடியா?"
கம்பூட்ஸின் குதிகாலை நுனியோடு ஒட்டி ஒட்டி
அவரே அளந்தார். ஏழில் நின்றார்.
"எட்டாவது அடியில நாப்பது கிலோ பூண்டு இருக்கு.
அதை உன் நோட்டில எங்கே எழுதுவே?"

கட்டங்களில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

களை என்று நான் சொன்னது
வெள்ளை லில்லியை.
புனலாகச் சுருண்ட ஒற்றை மடல், நடுவில் மஞ்சள் திரி.
கோரையை நெருக்கித் தள்ளிவிட்டு
சேற்றை இறுக்கிக்கொண்டு
இரு கரையிலும்
கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்கும்.
நடுவே ஓடை
ஒருக்களித்துப் போகும்.

பாக்கியநாதன் அதைப் பறித்து
ஊட்டிப் பூக்கடைக்குத் தருகிறார்.
கட்டு முப்பது ரூபாய்.
அறுபது சென்ட் குத்தகையில் மிச்சம் பிடிப்பது
அந்த முப்பதுதான்.
"கண்டியில எங்களைப் பிடுங்கினாங்க,
மண்டபம் கேம்ப்பில கொஞ்ச நாள் வாடினோம்,
இங்க வந்து வேர் விட்டோம்.
இதுவும் எங்கிருந்தோ வந்ததுதானே, மேடம்?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அன்று ஜீப்பிலிருந்து
மண்வெட்டியை நான் இறக்கவில்லை.

ஈஸ்டர் வியாபாரம் முடியட்டும் என்று விட்டோம்.
முடிந்த திங்கட்கிழமை
கடப்பாரையோடு அவரே வந்தார்.
கிழங்கில் நகத்தளவு தங்கினாலும்
அடுத்த மழைக்குப் பத்தாக எழும்;
பறித்து விற்றவருக்குத்தான்
அது எவ்வளவு ஆழம் போகும் என்று தெரிந்திருந்தது.
சாக்குச் சாக்காக மேட்டில் ஏற்றிக் காயவைத்தோம்.
வெறுமையான கரையில் கோரை, தவிட்டுச் செடி,
நாலைந்து நாவல்.
நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற அவருக்குக் கூலி உண்டு.
லில்லி தந்த அளவு இல்லை.
அதையும் ஓரத்தில் எழுதினேன்.

காரட் மெஷினுக்குக் கீழே
இரண்டு குழி வெட்டச் சம்மதிக்க
போஜராஜுக்கு ஒன்றரை வருஷம் ஆனது.
முதல் குழியில் மண் தங்கும்.
அந்த மண்ணை அவரே அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்,
நான் பார்க்காத நேரமாகப் பார்த்து.

மூன்றாவது வருஷம், தட்டில்
சிவப்புப் புழுக்களுக்கு நடுவே
மூன்று வாலோடு ஒரு குஞ்சு.
மே ஈ ஆகப்போவது.
அழுக்குத் தண்ணீரில் நிற்காது என்றேன்.
போஜராஜ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
வெகு நேரம் பார்த்தார்.
"ஏழடிக்கே வந்திருச்சே,
அப்புறம் எதுக்குப் பத்து?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐப்பசி மழை மூன்று நாள் நிற்கவில்லை.
நாலாம் நாள் போனேன்.
மேலேயிருந்து அடித்துவந்த லில்லிக் கிழங்குகள்
வேறெங்கும் தங்காமல்
அவர் விட்ட ஏழடியில் குவிந்து கிடந்தன,
சிலது ஏற்கெனவே பச்சை காட்டிக்கொண்டு.
முழங்கால் சேற்றில் நின்று
படக பாஷையில் யாரையோ திட்டியபடி
ஒவ்வொன்றாகக் கரைக்கு வீசினார்.
பாக்கியநாதன் பேசாமல் சாக்கைப் பிடித்து நின்றார்.

பிறகு போஜராஜ்
ஈரக் கையைச் சட்டையில் துடைத்து
போனை எடுத்தார்.
கோயம்புத்தூர் நம்பர் வேண்டுமென்றார்.
சொன்னேன்.
அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு
மழைக்கோட்டின் மேல் பிடித்துக்கொண்டார்.

மணி போகிறது.
மூன்று பேரும் சாக்கைச் சுற்றி நிற்கிறோம்.
எடுத்தால் அவர்
ஏழு கேட்பாரா
பத்தா?