கவட்டைக் குழாய்

ஆய்வுக்கூடத்துக்குள் மல்லிகை கூடாது.
பவுடர் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய்கூட
இந்த வாரம் வேண்டாம் என்பார் துலுக்கானம்,
கண்ணாடிக் குழாய்களை அசிட்டோனில் கழுவிக்
கவிழ்த்து வைத்தபடி.
அவர் பீடியை விட்டதே வண்டுகளுக்காகத்தான்.
டாக்டர் சொல்லி விடவில்லை.

குழாய், உண்டிவில் கவட்டை மாதிரி
இரண்டாகப் பிரியும்.
ஒரு கையின் முனையில் வேப்பிலை,
பறித்துப் பத்து நிமிடம் ஆனது.
மறு கையில்
கரித்தூளில் வடிகட்டிய வெறுங்காற்று.
அடியில் வண்டை விடுவேன்.

வேர்ப்புழு வண்டு. செம்பழுப்பு.
கோடை மழைக்கு மண்ணைப் பிளந்துகொண்டு வருவது.
பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் அடி என்கிற ஊரில்
வேம்பையே விருந்தென்று தேடிப் போவது.
நமக்குக் கசப்பு.
அதற்கு என்னவென்று யார் கேட்டது?

நடக்கும். நிற்கும்.
உணர்கொம்பின் நுனியில் மெல்லிய ஏடுகள்
விசிறியாக விரியும்,
சீட்டாடுகிறவன் தன் கைச்சீட்டைத்
தான் மட்டும் பார்ப்பதுபோல.
எங்கோ ஓர் இலை
தன்னையறியாமல் வெளியே விட்ட பச்சையைக்
காற்றிலிருந்து எண்ணி எடுக்கிறது.

முழு இலையைவிடக்
கடிபட்ட இலைக்குத்தான் கூட்டம்.
கத்தரியால் ஓரத்தை நறுக்கி வைத்தால்
இருபதில் பதினாறு அந்தப் பக்கம்.
காயத்தின் வாசமா அது, பந்தியின் வாசமா,
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
கட்டங்கள் மூன்றுதான்:
இலை, காற்று, பதிலில்லை.
ஐந்து நிமிடம் கவட்டையிலேயே நின்றுவிட்டால்
பதிலில்லை. கணக்கில் சேராது.

ஐந்து வண்டுக்கு ஒருமுறை
குழாயைத் திருப்பி வைக்க வேண்டும்.
குழாயின் சாய்வை
இலையின் அழைப்பென்று எழுதிவிடக் கூடாது.

மே தொடக்கத்தில்
ஆதம்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன்.
வாசலில் வேம்பு, வெளியே மாடிப்படி,
இரண்டு வேளை தண்ணீர்.
எனக்குப் பிடித்துவிட்டது.
“சொந்த ஊரு?”
“இங்கதான் சார், காசிமேடு.”
அவர் மூக்கு ஒரு கணம்,
அரைக் கணம்தான்,
விரிந்தது.

கருவாட்டைத் தொட்டு மூன்று வாரம்.
சோப்பும் வாசமில்லாத சோப்பு.
என் மேல் இருந்தது
வடிகட்டிய வெறுங்காற்று.
“எங்க வீட்டம்மாவுக்குச் சமையல் வாசனை
ஒத்துக்காதும்மா, அதான்.”
நான் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.
அவரை யாரும்
திருப்பி வைத்துப் பார்த்ததில்லை போல.

பிறகு, அடுத்த மழை.
மறுநாள் ஏழு மணிக்கு டார்ச்சும் பாட்டிலுமாகக்
கிளம்பினோம், நானும் துலுக்கானமும்.
மரத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.
கம்பியில் படுகிறதென்று மின்வாரியக்காரர்கள்
பகலில் ஒரு கிளையை வெட்டிப் போட்டிருந்தார்கள்.
தெருமுனையிலேயே பச்சை நெடி,
மனித மூக்குக்கே எட்டுகிற அளவு.
அதே வேம்பு.
கொத்துக்குக் கொத்து வண்டுகள்,
இலை அறுபடும் சத்தம்
காது கொடுத்தால் கேட்கும்.

பால்கனியில் விளக்கு எரிந்தது. “யாரது?”
“காலேஜ்லேர்ந்து சார். வண்டு பிடிக்க.”
“புடிங்க, எல்லாத்தையும் புடிச்சிட்டுப் போங்க.
லைட்டு போட முடியல. தட்டுல வந்து விழுது.”
இருட்டில் என்னை அடையாளம் தெரியவில்லை.
“ஏம்மா, இத்தன வீடு இருக்கு,
இது ஏன் நம்ம வீட்டுக்கே வருது?”

நான் வாய் திறப்பதற்குள்
துலுக்கானம் சொன்னார்: “வாசனை சார்.”
மேலே, மூச்சை இழுத்துப் பார்க்கிற சத்தம்.
நீளமாக. இரண்டு தரம்.
“ஒண்ணும் அடிக்கலையே.”

பாட்டிலை மூடினேன். நாற்பத்தொன்று.
ஒன்று மட்டும் உள்ளே போகாமல்
என் மணிக்கட்டில் நின்றது,
விசிறியை விரித்து, மூடி, விரித்து.
வேப்பிலை பட்ட கை, அதனாலும் இருக்கலாம்.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
நானும் அசையாமல் நின்றேன்.