ஒரு விரல் புல்

பைசாண்டூவில் மழை. புது டிவியில் பழைய கேசட்:
எண்பத்தெட்டு, லீக் இறுதி, கடைசி நிமிடங்கள்.
வில்மார் படத்தை நிறுத்துகிறார்.
"பார் ஹெபர், கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே
புல் தெரிகிறது."

தெரிகிறதுதான்.
ஒரு விரல் அகலப் பச்சை.

பழைய பெட்டியில் பந்தும் சுண்ணாம்பும்
ஒரே வெள்ளைத் தீற்றல்.
அதற்குள்தான் லைன்ஸ்மேன் ஹெபர் எட்செவெரி
இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கினார்.

கடைப்பையன் சொல்லியிருந்தான்:
நாடாவில் ஐந்நூற்றுச் சொச்சம் வரி,
திரை கேட்பதோ ஆயிரத்து எண்பது.
இல்லாத வரிக்கு டிவி
மேல்வீடு கீழ்வீடு விசாரித்து
ஒரு நிறம் பூசிவிடும்.
பார்ப்பதல்ல, உத்தேசம்.

வில்மார் காதில் அது ஏறவில்லை.
அடித்தது அவர்தானே.
தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகும்
கோல் கோல்தான்.

ஹெபர் மாட்டே குவளையில்
வெந்நீர் ஊற்றுகிறார், மெதுவாக.
அன்றும் மழை.
இமையில் நீர் விழுந்த நேரம்
பந்து இல்லை.
இந்தப் பக்கம் கோல்கீப்பரின் முகம்,
அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல்.
இரண்டையும் கேட்டுக்கொண்டு
கொடியை இறக்கியே வைத்தார்.

குவளையை நீட்டுகிறார்.
"பின்னால் ஓட்டு, வில்மார்.
அந்தப் புல்லை இன்னொருதரம் பார்க்கிறேன்."